சம்பந்தியோடு ஏழு நாள் நடை

பிப்ரவரி 27, வெள்ளி

இன்று எக்ஸ்ரே அறையில் முப்பத்தொரு பேருக்குப் படம் எடுத்தேன். அதில் ஒரு பெரியவர், வலிப்பது இடது கையா வலது கையா என்று மனைவியைக் கேட்டுத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே வெளியே வந்தால் கைபேசியில் தகவல்: மலைக்கோயில் நடைபயணம், மார்ச் 7 தொடக்கம், பதிவு உறுதி. இரண்டு பெயர். ஒன்று என்னுடையது, மற்றது சம்பந்தியம்மாளுடையது.

போன வருஷம், மகள் கல்யாணம் முடிந்த சூட்டில் இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு பதிவு செய்தோம். இப்போது மகள் என் வீட்டில். மாப்பிள்ளை அவர் வீட்டில். மூன்று மாதம் ஆகிறது. சம்பந்திகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

என்னடி நடந்தது என்று கேட்டால் மகளிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "அத்தைதான் டாக்சில ஏத்தி விட்டாங்க." ஏற்றி விட்டார்களாம்! என் பெண் என்ன பார்சலா?

"நீ போகப் போறதில்லையே?" என்றார் இவர். போகாவிட்டால் பயந்துவிட்டேன் என்று அந்த அம்மாள் நினைக்கும். போவேன். ஏழு நாளில் எப்படியாவது பேசிக் கரைத்து மகளைத் திரும்ப அனுப்ப வழி பண்ணுவேன். காலில் விழ வேண்டுமானாலும் விழுவேன். பாதி வழியில் எப்படியும் விழத்தானே போகிறேன்.

மார்ச் 1, ஞாயிறு

புது ஷூ. வீட்டுக்குள்ளேயே நடந்து பழகச் சொன்னார்கள். அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே நாற்பது தடவை. மகள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

மார்ச் 7, சனி

சம்பந்தி எனக்கு முன்பே வந்து நின்றார். முப்பது வருஷம் போக்குவரத்து இன்ஸ்பெக்டராக நாற்சந்தியில் நின்ற உடம்பு. நிற்க நன்றாகத் தெரியும், நடக்கத் தெரியாது என்பதை இன்று கண்டுபிடித்தேன். பத்தடிக்கு ஒருதரம் நின்று, பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்க்கிறார். ஒற்றையடிப் பாதையில் வண்டி எங்கிருந்து வரும்? நாலு ஆடுதான் வந்தது. கையைக் காட்டி ஆடுகளுக்கு வழி விட்டார். அவையும் ஒழுங்காக வரிசையில் போயின. அந்தக் கை அப்படி.

பதினெட்டு கிலோமீட்டருக்கு நாங்கள் பேசிக்கொண்டது:

"தண்ணி இருக்கா?"

"இருக்கு."

மார்ச் 8, ஞாயிறு

யாத்ரிகர் விடுதியில் ஒரே அறை, இரண்டு கட்டில். குறட்டை விடுவதற்கு எதிராக இவர்கள் துறையில் சட்டமே கிடையாதா?

மார்ச் 9, திங்கள்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

வழி நெடுகக் கற்களில் நீல வண்ணம் பூசி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துப் போனால் போதும். காலை பத்து மணிக்குப் பாதை இரண்டாகப் பிரிந்தது. நீலக்கல் இடது பக்கம். சம்பந்தி வலது பக்கம்.

"இவ்வளவு பெரிய ரோடு இருக்கும்போது யாராவது சந்துல போவாங்களா?"

தப்பு என்று தெரிந்தேதான் பின்னால் போனேன். காரியம் ஆக வேண்டுமே, தலையாட்டி வைப்போம் என்று. மூன்று கிலோமீட்டர் போனதும் ஒரு கல்குவாரி, பூட்டிய கேட், உள்ளேயிருந்து எங்களைத் திட்டும் ஒரு நாய். நாய்க்கும் கை காட்டினார். அது ஆட்டு ஜாதி இல்லை. திரும்பி ஓடினோம். ஐம்பத்தேழு வயதில் அந்த அம்மாள் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவேயில்லை.

ஓடி முடித்ததும் ஒரு பாறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஷூவைக் கழற்றினேன். குதிகாலில் கொப்புளம் உடைந்து, சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. நேற்றிலிருந்தே இப்படித்தானாம்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்ல?"

தண்ணீர் ஊற்றி, ஊறவைத்து, மெதுவாகப் பிரித்தேன். கால் என் மடியில். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று ஆரம்பித்தேன்.

"சம்பந்தி, சின்னஞ்சிறுசுங்க. என் பொண்ணு ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க. நீங்கதானே அனுப்பினீங்க, நீங்களே ஒரு வார்த்தை கூப்பிட்டா வந்துருவா."

லைசென்ஸ் இல்லாத டிரைவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அனுப்பினேன்தான். துரத்திவிட்டேன்னா நினைச்சீங்க?"

அதுதானே மூன்று மாதமாக நினைத்தது.

"என் பையன் அடிக்க மாட்டான், திட்ட மாட்டான். கோபம் வந்தா பேச்ச நிறுத்திருவான். முதல்ல ரெண்டு நாள். அப்புறம் ஒரு வாரம். கடைசியில பத்தொன்பது நாள். உங்க பொண்ணு தட்டு வச்சிட்டு ஒரு வார்த்தைக்காக நின்னுட்டே இருப்பா. ஒருநாள் சமையல்கட்டுல எட்டிப் பார்த்தேன், குக்கர்கிட்ட பேசிட்டிருக்கா. விளையாட்டுக்கு இல்ல, நிஜமாவே. அன்னைக்குத்தான் அவ பெட்டிய நான் அடுக்கினேன்."

"நீங்க அவனுக்கு எடுத்துச் சொல்லலையா?"

"சொல்லாம இருப்பேனா? என்கிட்டயும் பேச்ச நிறுத்திட்டான். அவங்கப்பாவும் இதே மாதிரிதான். ரோட்டுல என் கைய பார்த்து ஊரே நிக்கும், ஊரே போகும். வீட்டுக்குள்ள வந்தா சுவர். இருபத்தாறு வருஷம். எனக்கு யாரும் டாக்சி கூப்பிடல, சம்பந்தி."

பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டேயிருந்தேன். ஒன்று போதும். நாலு ஒட்டியிருக்கிறேன்.

மகள் பெட்டியோடு வந்த அன்று என்னிடம் சொல்லத்தான் சொன்னாள். இப்போது ஞாபகம் வருகிறது. "அவர் பேசவே மாட்டேங்கிறாரும்மா." நான் என்ன சொன்னேன்? "உங்கப்பா பேச்ச நிறுத்தினா நான் கோயில்ல பொங்கலே வைப்பேன்டி"னு சொன்னேன். சொல்லிட்டு சிரிச்சேன். ஐயோ, சிரிச்சேனே. பெத்த பொண்ணு வாயெடுத்து சொன்னதுக்கு ஜோக் அடிச்சிருக்கேன். அதுக்கப்புறம் அவ வாயே திறக்கல. திறப்பாளா? பொறுத்துப் போ, பொறுத்துப் போன்னு நானும் மூணு மாசமா — என்ன ஜென்மம் நான்?

மிச்சம் ஒன்பது கிலோமீட்டர், என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அழுத்துகிற அழுத்தில் என் தோள்பட்டைக்கே ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இருட்டுகிற நேரத்தில்தான் விடுதி வந்தது. விடுதிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சியா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றார் சம்பந்தி. "எதிர்க்கட்சி."

மார்ச் 10, செவ்வாய்

காலையில் தோட்டத்து மூலையில்தான் சிக்னல் கிடைத்தது. மகளைக் கூப்பிட்டேன்.

"கால் எப்படிம்மா இருக்கு?"

"கால் கிடக்கட்டும். அன்னைக்கு நீ சொன்னப்ப நான் சிரிச்சேன்."

"ஆமா," என்றாள்.

"இனிமே உன்ன திரும்பிப் போன்னு சொல்ல மாட்டேன். நீயா என்ன முடிவு பண்றியோ அதுதான்."

அழுவாள் என்று நினைத்தேன். மூக்கை மட்டும் உறிஞ்சினாள். பிறகு, "அத்தைகிட்ட போனைக் குடு," என்றாள். இருபது நிமிஷம் பேசினார்கள். என் போன், என் பெண். நான் வெயிலில் நின்றேன். வயிற்றெரிச்சல் கொஞ்சம். கொஞ்சம்தான்.

மார்ச் 11, புதன்

சம்பந்தி நொண்டுகிறார், ஆனாலும் என்னைவிட வேகம். நீலக்கல்லைக் கண்டால் மட்டும் இப்போது சல்யூட் அடிக்கிறார்.

மார்ச் 13, வெள்ளி

அறுநூற்றுப் பன்னிரண்டு படி. மேலே போனதும் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை, பக்தி பாதி, மூச்சிரைப்பு பாதி. அவர் வெகுநேரம் கண்ணை மூடி நின்றார்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"பையன் வாயத் திறக்கணும்னு. நீங்க?"

"நான் வாய மூடணும்னு."

"பெரிய வேண்டுதல்தான்," என்றார். "சாமிக்கு என் கேஸே சுலபம்."

மறு வருஷம், அக்டோபர் 15, வெள்ளி

காலையில் நீதிமன்றத்தில் எல்லாம் முடிந்தது. பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை — இனி எப்படிச் சொல்வது, அந்தப் பிள்ளை — என் அருகில் வந்து நின்றார். எதையோ சொல்ல வாயெடுத்து, கடைசியில் "வரேன் அத்தை" என்று மட்டும் சொன்னார். பாவமாகத்தான் இருந்தது. மகள் அங்கிருந்தே வேலைக்குப் போய்விட்டாள். படியிறங்கும்போது யாரிடமோ போனில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனாள். கேட்டுக்கொண்டே நின்றேன்.

மத்தியானம் நான் பணிக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, சம்பந்தி வந்து நிற்கிறார். மூட்டு வலியாம். ஊரில் வேறு ஆஸ்பத்திரியே இல்லையாம். பதிவு மேசைப் பெண் படிவத்தை எடுத்துக்கொண்டு, "கூட இருக்கிறவங்க பேரு? அவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டாள். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

"என் மருமகளோட அம்மா," என்றார். "அப்படியே எழுதும்மா."

அந்தப் பெண் எழுதினாள். நான் திருத்தவில்லை.

உள்ளே மேசையில் படுக்க வைத்து, முட்டியை நேராக்கி, "அசையாதீங்க," என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனேன். படம் எடுத்து முடித்து எட்டிப் பார்க்கிறேன், முகமெல்லாம் சிவந்து, கன்னம் உப்பிக் கிடக்கிறார்.

"முட்டிக்கு எதுக்கு மூச்சப் பிடிக்கிறீங்க? விடுங்க!"

விட்டார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், வெளியே வரிசையில் இருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள்.