கதம்ப சர்க்கார் வந்த வாரம்

பங்குனி 8, திங்கள்

காலையிலேயே வெயில். மலைப் பக்கம் பார்த்தால் கண் கூசுகிறது.

இன்றிலிருந்து நடப்பதை நடந்தபடி எழுதப் போகிறேன். கூட்டாமல், குறைக்காமல். வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக ஒரு வருஷம் பேசியாகிவிட்டது. எங்காவது ஓரிடத்தில் நிஜம் இருக்க வேண்டும்.

முதல் நிஜம்: சேகர் அண்ணன் பம்பாயில் இல்லை. ஜெயிலில் இருக்கிறான். அவசர நிலைக்கு எதிராக நோட்டீஸ் ஒட்டியதற்காக, சென்னையில் காலேஜ் விடுதியிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். மிசா சட்டம். விசாரணை கிடையாது, எப்போது விடுவார்கள் என்பதும் கிடையாது. ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்டால் "பம்பாய்ல கம்பெனி வேலை" என்று சொல்ல வேண்டும். அப்பாவின் உத்தரவு. அப்பா மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை வியாபாரம், கணக்கு எழுதுகிறார். முதலாளி டெல்லியில் ஆளும் கட்சிக்காரர். தெரிந்தால் வேலை போய்விடும் என்று அப்பாவுக்குப் பயம்.

ஆளும் கட்சி என்று எழுதிவிட்டேன். ஆண்ட கட்சி. இன்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள், தோற்றுவிட்டது.

ஆனால் தமிழ்நாட்டில் அவர்கள் பக்கம்தான் அதிகம் ஜெயித்திருக்கிறது. அதனால் தெருவில் ஒரே குழப்பம். மண்டிக்கு எதிரே டீக்கடையில் கேட்டது:

"நாம ஜெயிச்சமா தோத்தமா, ஒண்ணு சொல்லுய்யா."

"இங்க ஜெயிச்சோம். அங்க தோத்தோம்."

"அப்ப வெடி வெடிக்கலாமா, கூடாதா?"

"பாதி வெடி."

மண்டி வாசலில் நிஜமாகவே பாதி வெடிதான். சரத்தைப் பற்றவைத்த பிறகு டெல்லி செய்தி வந்திருக்கிறது. முதலாளி கத்த, மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். அணைந்த பிறகும் ஒன்றிரண்டு வெடித்தன. சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அப்பா கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில், "இனிமே எல்லாரையும் விட்டுடுவாங்கனு பேசிக்கறாங்க" என்றார். அம்மா எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டாள். அண்ணன் போன நாளிலிருந்து அது விடிய விடிய எரிகிறது. எந்த நேரத்தில் வந்தாலும் வீடு இருட்டாக இருக்கக்கூடாதாம். அப்பா மாதாமாதம் கரண்ட் பில்லைப் பார்ப்பார், விளக்கைப் பார்ப்பார், பணத்தை எண்ணிக் கட்டிவிடுவார்.

பங்குனி 9, செவ்வாய்

கணக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். படிக்கவில்லை.

ஜெயித்தது ஒரு கட்சி இல்லையாம். பல கட்சிகள் ஒன்றாகச் சேர்ந்தது. யார் பிரதமர் என்று இன்னும் முடிவாகவில்லை. நூலகத்தில் பேப்பருக்குச் சண்டை. வழக்கமாகத் தூங்க வருகிற பெரியவர்கள்கூட நின்றுகொண்டு படிக்கிறார்கள். தணிக்கையை எடுத்துவிட்டதால் பேப்பர் நிறையச் செய்தி. என் முறை வரும்போது நடுப்பக்கம்தான் கிடைத்தது. விளையாட்டுச் செய்தி.

டீக்கடை:

"ஒரு வீட்ல ரெண்டு மருமக இருந்தாலே அடுப்பு பத்தமாட்டேங்குது. இத்தினி பேர் ஒரு சர்க்கார் நடத்துவாங்களா?"

"தீபாவளி வரைக்கும் தாங்கட்டும், நான் மொட்டை போட்டுக்கறேன்."

"உனக்கு இருக்கிறதே கம்மி. வேற பந்தயம் கட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடுதலை உத்தரவில் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். போடுவதற்கு முன்பே சண்டை போட்டுக் கலைந்துவிட்டால்? பழையவர்களே திரும்ப வந்தால்? அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் பேசாத, படி" என்றார். அவரும் அதையேதான் நினைக்கிறார். சாப்பிடும்போது மோரை ரசத்தில் ஊற்றிக்கொண்டார்.

பங்குனி 10, புதன்

காற்றே இல்லை. தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

அம்மாவுக்கு நம் தொகுதி எம்.பி. யார் என்றுகூடத் தெரியாது. இன்று பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்கிறாள், "யாரு பிரதமர்னு முடிவாயிடுச்சா?" இல்லை என்றேன். "இன்னாடி இது, ஒரு ஆளைப் பிடிச்சி உக்கார வைக்கிறதுக்கு இத்தினி நாளா. கல்யாணத்துக்கே ரெண்டு நாள்தான்."

அண்ணன் வந்தால் காட்ட வேண்டியவை: என் கட்டுரைக்குக் கிடைத்த பரிசு. கிணற்றடியில் அவன் நட்ட கொய்யா (காய்க்கவில்லை, ஆனால் இருக்கிறது). அவன் புத்தகங்களை ஒன்றுகூடக் கரையான் தொடவில்லை. பழைய சைக்கிளை விற்றுவிட்டதைச் சொல்லவேண்டாம்.

மண்டியில் இன்று முதலாளி யாருடனும் பேசவில்லையாம். கட்சித் தலைவி படம் மட்டும் சுவரில் இல்லையாம். கேட்டதற்கு, "தூசி தட்ட எடுத்திருக்கு" என்று மட்டும் சொன்னாராம். அப்பா சொல்லும்போது லேசாகச் சிரித்தார். உடனே கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

பங்குனி 11, வியாழன்

முடிவாகிவிட்டது. பிரதமர் பதவி ஏற்றாயிற்று. சாயங்கால ரேடியோ.

அம்மா எழுந்து போய் வெல்லத்தை உடைத்தாள், பாயசத்துக்கு. அப்பா பின்கட்டுக் கதவைச் சாத்தினார். "வாசனை வெளிய போவும். இன்னா விசேஷம்னு கேட்டா இன்னா சொல்லுவ?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் பையன் பேரைத்தான் சொல்லக்கூடாது. பாயசம் வைக்கறதுக்குக் கூடவா உங்க மொதலாளியைக் கேட்கணும்?" கதவு சாத்தியே இருந்தது. புழுக்கத்தில் மூன்று பேரும் வியர்த்துக்கொண்டே சாப்பிட்டோம். ஏலக்காய் போட மறந்துவிட்டாள்.

பங்குனி 12, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் நடந்தபடியே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை. தலை குளித்தேன். அம்மா கோயில் வாசல் கடையிலிருந்து பூ வாங்கி வந்திருந்தாள். மல்லி, கனகாம்பரம், வாசனைக்கு மருத் தழை, நடுவில் கொஞ்சம் செவ்வந்தி. ஒரு வருஷமாக இந்த வீட்டில் யாரும் பூ வைக்கவில்லை. அவளே என் பின்னலில் வைத்துவிட்டாள்.

வகுப்பில் நுழைந்ததும் வசந்தா, முதலாளியின் மகள், கை கொட்டினாள். "இன்னாடி, சர்க்காரையே தலைல வச்சினு வந்துட்ட?"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை.

"தெரியாதா? டெல்லில வந்திருக்கிறது கதம்ப சர்க்கார். எங்கப்பா சொன்னாரு. எல்லாப் பூவும் ஒரே நார்ல. பார்க்க ஜோரா இருக்கும். வெயில் ஏறினா வாடிடும்."

ஊரெல்லாம் அப்படித்தான் பேசுகிறார்களாம். எனக்குத் தெரியவில்லை. நான் வைத்திருந்தது வெறும் கதம்பம்.

சிரிப்புச் சத்தத்தில் வரலாறு டீச்சர் வந்தார். யாரோ சொல்லிவிட்டார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "கட்சி அடையாளத்தோட ஸ்கூலுக்கு வரக்கூடாதுனு ஹெச்செம் சொல்லியிருக்காங்க இல்ல? எடுத்து ஜன்னல்ல வை."

எடுத்து வைத்தேன். நார் முடியில் சிக்கி இழுத்தது.

"உங்க வீட்ல யாரு அந்தப் பக்கம்?"

"யாரும் இல்ல டீச்சர்."

வசந்தா எழுந்தாள். உதவி செய்வதாகத்தான் நினைத்தாள் என்று நினைக்கிறேன். "அவங்க அண்ணன் பம்பாய்ல வேலை பாக்கறாரு டீச்சர். அங்க இந்தக் கட்சிங்கதான் ஜெயிச்சிருக்குது. அதான் இவளும் சேர்ந்துட்டா."

மறுபடி சிரிப்பு. அப்போது என் வாய் சொன்னது: "அண்ணன் பம்பாய்ல இல்ல. ஜெயில்ல இருக்கிறாரு. மிசாவுல."

சிரிப்பு நின்றது. டீச்சர் முதலில் கதவைச் சாத்தினார். எங்கள் அப்பா மாதிரியே. பிறகு "பாடத்தை எடுங்க" என்றார். எந்தப் பாடம் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் ஜன்னலில் பார்த்தேன். மல்லி வாடத்தான் வாடியிருந்தது. மருவில் மட்டும் வாசனை இருந்தது.

வீட்டில் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், திரும்ப எடுத்து மடித்தார், திரும்ப மாட்டினார். "வசந்தா இந்நேரம் சொல்லியிருக்கும். நாளைக்கு மண்டி சாவியக் குடுத்துட்டு வந்துடறேன்." அவ்வளவுதான்.

பங்குனி 13, சனி

அப்பா சாவியோடு போனார். அம்மா அடுப்பு மூட்டவில்லை.

பதினொரு மணி இருக்கும், தெருவில் முதலாளியின் ஜீப். பக்கத்தில் அப்பா. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். முதலாளி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து விசிறி கேட்டார். நான் வீசினேன்.

"இன்னா கணக்குப்பிள்ள, என்னை இன்னானு நெனச்ச? சாவிய நீட்டறே."

அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

"பம்பாய்ல இருக்கிற பையன் பொங்கலுக்காவது வரமாட்டானா? ஒரு காயிதம் வந்துதா? போஸ்ட்மேன் நம்ம மண்டியிலதானய்யா டீ குடிக்கிறான். எனக்கு அப்பவே தெரியும்."

எனக்கு வீசுகிற கை நின்றுவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வருஷம் அவர் பயந்தது எல்லாம் வீணா?

"தெரிஞ்சும் ஏங்க…" என்றார் அப்பா.

"தெரிஞ்ச மாதிரி காட்டிக்கினா நான் உன்னை நிறுத்தணும். நிறுத்திட்டா கணக்கை யாரு பாக்கிறது? எம் மச்சானா? அவனுக்குக் கழித்தலே வராது." சிரித்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "பையன் வரட்டும். மண்டி வாசல்ல பந்தல் போட்டுடறேன். மாலை நான்தான் போடுவேன். போட்டோக்காரனுக்குச் சொல்லியாச்சு. இனிமே அந்தப் பக்கமும் நம்ம ஆளுனு ஒருத்தர் வேணும்ல."

"கதம்ப சர்க்கார் வாடிடும்னு சொன்னீங்களாம்" என்று கேட்டுவிட்டேன். வாய் இரண்டு நாளாக என் பேச்சைக் கேட்பதில்லை.

"வாடறதுக்குள்ள வச்சிக்கணும்மா. பூவுனா அப்படித்தான்" என்று என் தலையில் தட்டினார். ஜீப் போய்விட்டது.

அப்பா ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதையும் நின்றபடி குடித்தார். அம்மா கேட்டாள், "இவரு நல்லவரா, கெட்டவரா?"

"மொதலாளி" என்றார் அப்பா.

விடுதலை உத்தரவு பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை. சிலரை விட்டார்களாம். சிலரை விடவில்லையாம். டீக்கடையில் யாருக்கு எந்த இலாகா என்று தகராறு. வாசல் விளக்கு எரிகிறது.

பங்குனி 14, ஞாயிறு

வந்துவிட்டான்.

விளக்கு வைக்கிற நேரம். நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் நின்றார். யாரோ வீடு கேட்கிறார்கள் என்று நிமிர்ந்தேன். "சுமதி, புள்ளி தப்பா வச்சிருக்க" என்றான். குரலை வைத்துத்தான் தெரிந்தது. சட்டை அவனுடையதுதான், உள்ளே அவன் பாதி. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். வழியில் யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லையாம்.

அம்மா அழவில்லை. அவன் காதை, கையை, முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், சந்தையில் துணி பார்ப்பதுபோல். அப்பா "வா" என்றார். கதவைச் சாத்தப் போனவர், சாத்தாமல் வந்துவிட்டார்.

ரசம் சோறு கேட்டான். தட்டை இடது கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சாப்பிட்டான். முன்பு அப்படிச் சாப்பிடமாட்டான்.

கேட்க வேண்டும் என்று வாரம் முழுதும் வைத்திருந்ததைக் கேட்டேன். "அண்ணா, இந்த சர்க்கார் நிக்குமா?"

"தெரியலயே. அந்தக் கட்சிங்கள்ல நாலு கட்சி ஆளுங்க ஜெயில்ல எங்க கொட்டடியில இருந்தாங்க. குளிக்கிற வாளிக்கே சண்டை. ஒருத்தர் பேசினா இன்னொருத்தர் செவுத்தைப் பார்த்துனு படுத்துப்பாரு." சிரித்தான். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நாலு பேரும் மாத்தி மாத்தி உக்காந்திருந்தாங்க. அதுலயும் யாரு மொதல்லனு சண்டை."

அதற்குள் முதலாளி வீட்டு டிரைவர் வாசலில். யார் சொன்னார்களோ. "ஐயா மாலையோட வராரு. போட்டோக்காரரும் வராரு. தம்பியை நல்ல சட்டை போட்டுக்கச் சொன்னாரு." சொல்லிவிட்டு உடனே திரும்பிப் போனார்.

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வாசல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"அம்மா, அந்த லைட்டை அணைச்சிடறியா?"

"உனக்காகத்தாண்டா எரியுது. நீ போன நாள்லேர்ந்து."

"அங்க தலைக்கு மேல ராத்திரி பூரா எரியும். ஒரு நாள்கூட அணைச்சது இல்ல. கண்ணு மேல துணி போட்டா எடுத்துடுவாங்க. கொஞ்சம் இருட்டு வேணும்மா."

அம்மா சுவிட்சின் மேல் விரலை வைத்தபடியே நின்றாள். பிறகு அணைத்தாள். அப்பா எழுந்து போய்க் கூடத்து விளக்கையும் அணைத்தார். இந்தத் தடவை கதவையும் சாத்தினார்.

தெருவில் ஜீப் நின்றது. முதலாளியின் குரல், பதிலுக்கு டிரைவரின் குரல்.

"இன்னாய்யா, இருட்டா கிடக்குது."

"படுத்துட்டாங்க போலங்க."

"அதுக்குள்ளயா? மாலை வாடிடுமேய்யா."

அப்பா அசையவில்லை. கதவிடுக்கில் மருவின் வாசனை வந்தது. மாலையும் கதம்பம்தான் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து ஜீப் கிளம்பிப் போனது.

அண்ணன் வெறுந்தரையில் குப்புறப் படுத்துத் தூங்குகிறான். சமையலறை விளக்கின் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்த வெளிச்சமும் அவன் காலில் விழுகிறதாம், அம்மா சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். மற்ற விளக்கெல்லாம் அணைத்தாயிற்று. இதோ, இதுவும்