காலில் இருந்து எடுத்த நரம்பு

என் அன்பு அண்ணா,

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வந்திராது. இப்போது நீங்கள் எழும்பிப் போக முடியாது, இருந்து கேளுங்கள்.

உங்களுக்கு வந்த அதே புரொஸ்டேட் புற்றுநோய் எனக்கும் வந்தது. ஒப்பரேசனுக்குப் பிறகு உங்கள் கட்டில் ஏன் விறாந்தைக்கு வந்தது என்று அன்று கேட்டேன். "உள்ளுக்கு ஒரே வெக்கை" என்றீர்கள். மார்கழி மழையிலும் அங்கேதான் படுத்தீர்கள். அண்ணியும் வாய் திறக்கவில்லை. அத்தனை வருடம் எப்படி அண்ணா இருந்தீர்கள்?

எனக்குக் கொழும்பு டொக்டர் விளங்கப்படுத்தினார். கட்டியோடு பக்கத்து நரம்பும் வெட்டுப்பட்டால் ஆண்மை போய்விடுமாம். கெண்டைக்காலில் ஒரு நரம்பை எடுத்து அந்த இடத்தில் தைத்தால், ஒன்றிரண்டு வருடத்தில் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். கையெழுத்துப் போட்டேன். என் மனைவி பரமேசிடம் மட்டும், காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது, அதையும் சேர்த்து வெட்டுகிறார்கள் என்று புளுகினேன். சரிவராவிட்டால் அவளுக்குத் தெரியாமலே போகட்டும் என்று நினைத்தேன்.

பரமேசோடு திரும்பி வரும்போது கந்தளாய் தாண்டிச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்தார்கள். இறங்கும்போது சாரத்தை உயர்த்திப் பிடித்தேன். அதுதான் நான் விட்ட பிழை. இந்த நாளில் தமிழன் காலில் புதுத் தையலைக் கண்டால், சண்டையில் பட்ட காயம் என்றுதானே நினைப்பார்கள்? ஆஸ்பத்திரிக் கடிதத்தை நீட்டினேன். அதிகாரி படித்தார், மறுபடியும் படித்தார். அவர் சிங்களத்தில் கேட்டதைப் பஸ் கொண்டக்டர் மொழிபெயர்த்தார். கிண்ணியாக்காரர், தங்கமான மனுசர், ஆனால் குரலைக் குறைக்கத் தெரியாதவர்.

"ஐயா, கால் நரம்ப எடுத்து அங்க ஏன் வெச்சதெண்டு சேர் கேக்கிறார்."

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. பரமேஸ் முன்னுக்கு வந்தாள்.

"நான்தான் வைக்கச் சொன்னனான். அவர் என்ர மனுசன். இன்னும் என்ன கேக்கோணும்?"

அதிகாரி கடிதத்தை மடித்துத் தந்துவிட்டார். தம்பலகாமம் சந்தி தாண்டும்போது அவள், "என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சரிவராட்டி நான் எங்க போகப் போறன்?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாதத்தின் வெளிப்பக்கம் இன்னும் விறைப்புத்தான், செருப்புக் கழன்றாலும் தெரியாது. மற்றது? ஒன்றரை வருடம் கழித்து, ஊரடங்குப் போட்ட ஒரு பின்னேரம் அதுவும் நடந்தது. துறைமுகத்தில் கடற்படை, சுழியோடி வருபவர்களைத் தடுக்க, வழக்கம்போல் தண்ணீருக்குள் வெடி போட்டது, ஜன்னல் அதிர்ந்தது, பரமேஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். முன்னைப் போல என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் சந்தோசமாக இருக்கிறோம், அண்ணா. அதற்கு முந்திய ஒன்றரை வருடமும் சந்தோசமாகத்தான் இருந்தோம், ஒரே கட்டிலில்.

இந்த நோய் குடும்பத்தில் வரக்கூடியது, சகோதரர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டொக்டர். நம் கடைசித் தம்பி சின்னவனுக்கு இப்போது ஐம்பது வயது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அவனை மட்டுமல்ல, அவன் மனைவியையும் பக்கத்தில் இருத்தி, இருவருக்கும் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களுக்கு அடுத்துப் பிறந்து,
உங்களிடம் இரண்டாம் முறை கேட்காமல் விட்ட தம்பி