மேசைகள் மாடியிலேயே இருக்கின்றன

அன்பு மகளுக்கு அப்பா தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடும் அளவுக்கு நன்றாகவே இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். போன கடிதத்தைவிட இதில் எழுத்து கொஞ்சம் சிறிதாகியிருப்பதைக் கவனித்திருப்பாய், கோட்டுக்குள் நிற்கப் பழகிவிட்டது. இதை நான்கு நாளாக எழுதிப் பார்த்துவிட்டு, இன்று காலையிலிருந்து நல்ல தாளில் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, முதலிலிருந்து படித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் இன்னும் ஒரு பக்கம் ஆகும், அதனால் விட்டுவிடுகிறேன். இன்று நான்கு மணிக்குச் சலவைச் சங்கத்தில் கூட்டம் இருக்கிறது, அதற்குள் முடித்து உறையில் போட்டுவிட வேண்டும்.

முதியோர் வகுப்புக்குப் போனதன் பலன், உன் கடிதத்தை நானே படித்தேன். பழைய கடிதங்களையும் எடுத்துப் படித்தேன், அதில் ஒரு வேடிக்கை. இத்தனை வருஷமும் கீழ்வீட்டுத் தையல்காரர்தானே நமக்குப் படித்துக் காட்டுவார், ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ கேட்டிருப்பதாகப் படிப்பார். நானும் நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருப்பேன். இப்போது தேடிப் பார்த்தால் பதினொரு கடிதத்தில் இரண்டில்தான் நீ முழங்காலைக் கேட்டிருக்கிறாய். அவரிடம் போய்க் கேட்டேன். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருப்பீங்க, சொல்லாம எப்படி மடிச்சுக் குடுக்கறது" என்றார். கோபம் வரவில்லை. முழங்கால் நன்றாக இருக்கிறது.

நீ எழுதியதற்கு வருகிறேன். உங்கள் ஊரில் தேர்தல் நடந்தது, பாதிப் பேர்கூடப் போகவில்லை, மழையாக இருந்ததால் நீயும் போகவில்லை, போனாலும் ஒன்றும் மாறப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியிலேயே, எதுவும் தெரியாதவர்கள் எல்லாம் ஓட்டுப் போடுவதால்தான் எல்லாம் கெடுகிறது, விவரம் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்றும் எழுதியிருக்கிறாய். இந்த இரண்டு வரியையும் நான் மூன்று தரம் படித்தேன். விவரம் தெரிந்த நீ வீட்டில் இருந்துவிட்டாய், அது எனக்குப் புரிகிறது. மற்றது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதே பேச்சு இங்கே எங்கள் சங்கத்திலும் வந்தது, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

துவைத்த துணியை மடிக்கிற மடிப்புப் பிரிவின் மேசைகளைப் போன வருஷம் மாடிக்கு ஏற்றியது உனக்குத் தெரியும். வண்டிகள் மழையில் நனையாமல் நிறுத்தக் கீழே இடம் வேண்டும் என்று ஓட்டுநர்கள் கேட்டார்கள். சங்கத்தில் உறுப்பினர் எண்பத்து நான்கு பேர், ஓய்வு பெற்ற என் போன்றவர்களையும் சேர்த்துத்தான். அன்றைக்கு வந்தது பத்தொன்பது பேர், பன்னிரண்டு கை ஒரு பக்கம், ஏழு கை மறுபக்கம், முடிந்துவிட்டது. மடிப்புப் பிரிவில் இருக்கிற பெண்களில் ஒருத்தியும் போகவில்லை. உன் அம்மாவும் போகவில்லை, என்னைக் கேட்டா நடக்கப்போகுது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள், நானும் போகவில்லை, எனக்கு அன்றைக்கு என்ன வேலை என்று ஞாபகம்கூட இல்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைக் கூடை கூடையாக இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறுகிறார்கள். உன் அம்மாவுக்கு இந்த வயதில் மூச்சு வாங்குகிறது, நடுப்படியில் நின்றுவிட்டுத்தான் ஏறுகிறாள். அவள் இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள், அதனால் நான் எழுதுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் செயலாளர் ஒரு யோசனை கொண்டுவந்தார். கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை, வருபவர்களும் அறிவிப்பைப் படிக்காமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கை தூக்குகிறார்கள், அதனால் படிக்கத் தெரியாதவர்களுக்கு இனி ஓட்டு வேண்டாம் என்று. அவர் கெட்டவர் இல்லை. உன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து வாங்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். யார் யாருக்குப் படிக்கத் தெரியாது என்று ஒரு பட்டியல் வேண்டுமென்று என்னிடம் வந்தார். இப்போதுதான் படித்து முடித்திருக்கிறீர்கள், உங்கள் கையெழுத்துதான் அழகு என்றார். மகளே, என் கையெழுத்தை அழகு என்று யாராவது சொன்னால் நான் என்ன செய்வேன் என்று உனக்கே தெரியும். கோடு போட்ட தாளும் புதுப் பேனாவும் கொடுத்தார். முப்பத்தேழு பெயர். ஐந்து நாள் எழுதினேன். எதற்கு எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதினேன் என்று பொய் சொல்ல மாட்டேன், தெரியும், ஆனால் எழுதும்போது எழுத்தைத்தான் பார்த்தேன். உன் அம்மாவின் பெயர் இருபத்து மூன்றாவது. அதற்கு மட்டும் கடைசி எழுத்தில் ஒரு சுழி அதிகமாகப் போட்டு, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து விரலை வைத்துப் பார்த்தாள். இது என்ன பட்டியல் என்று கேட்டாள், சொன்னேன். "என் பேரை இவ்வளவு அழகா எழுதுனது வெட்டி விடறதுக்குத்தானா" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் எழுதாமல் விட்டிருந்தால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை, ஆனாலும் மீதி பதினான்கு பெயரையும் எழுதி முடித்தேன்.

அவள் போய் மடிப்புப் பிரிவில் என்ன சொன்னாளோ, மறுநாள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் ஒவ்வொருத்தியாக வந்து, தன் பெயர் எங்கே என்று என்னைக் காட்டச் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் பெயரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்கள். நானும் பெருமையாக விரல் வைத்துக் காட்டினேன். வெண்கலம் என்று நாங்கள் கூப்பிடுவோமே, குரல் பெரிய அக்கா, அவள் மட்டும் தன் பெயர் மற்றவர்களுடையதைவிடக் குட்டையாக இருக்கிறது, நீ வேண்டுமென்றே குறைத்துவிட்டாய் என்று சண்டைக்கு வந்தாள். எழுத்தை எண்ணிக் காட்டியும் நம்பவில்லை. எதற்கு இந்தப் பட்டியல் என்றும் எல்லோரும் கேட்டார்கள், எல்லோருக்கும் சொன்னேன்.

கூட்டத்தன்று அறுபத்தொரு பேர் வந்துவிட்டார்கள். நாற்காலி போதாமல் சலவைக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். பட்டியலை நானே படிக்க வேண்டும் என்றார் செயலாளர். மெதுவாகத்தான் படித்தேன், ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்தப் பெண் "இருக்கேன்" என்றாள். யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று செயலாளர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு அவர் பேசினார். படிக்கத் தெரியாதவர்களை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம் என்றார். அது உண்மைதான், என்னையே தையல்காரர் ஒன்பது கடிதத்தில் ஏமாற்றியிருக்கிறார். வராதவர்களுக்கு எதற்கு உரிமை என்றார், மேசையை ஏற்றிய அன்று நானும்தான் வரவில்லை. அப்போது வெண்கலம் எழுந்தாள். "மேசையை மேலே ஏத்துனது பூரா படிச்சவங்கதான் தம்பி. எத்தனை படின்னு யாராவது எண்ணுனீங்களா? இருபத்திரண்டு. எனக்கு எழுதத்தான் தெரியாது, எண்ணத் தெரியும்" என்றாள். ஓட்டுநர்களே சிரித்துவிட்டார்கள். விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு கை வேண்டும், பதினேழு கைதான் எழுந்தது. எதிராக நாற்பது. மீதி நான்கு பேர் தூக்கவே இல்லை, அதில் கொதிகலன்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். செயலாளர் பட்டியலை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார், அலமாரியில் வைத்திருக்கிறேன். அன்று வீட்டுக்கு வரும் வழியில் உன் அம்மா, அந்தச் சுழியை எப்படிப் போடுவது என்று கேட்டாள்.

இன்றைய கூட்டம் மேசைகளைக் கீழே இறக்குவதைப் பற்றி. உன் அம்மா கேட்டுக் கொண்டுவந்த கூட்டம் இது. வண்டிகளைப் பின்புறக் கொட்டகையில் நிறுத்தலாம் என்று இடத்தை அளந்தும் பார்த்துவிட்டாள், தன் கால் அடியால். மூன்றரை மணிக்கே கிளம்பிப் போகிறாள், எழுதி முடிச்சுட்டு நேரா வந்துடுங்க என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறாள். இன்னும் அரை மணி இருக்கிறது. அதற்குள் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் இருமலுக்கு மருந்தை மாற்றிக்கொண்டே இருக்காதே, ஒரே டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் அவரிடம் குறை சொல்ல ஆரம்பிக்காதே, சாப்பிட்ட பிறகு சொல். ஈரத் தலையோடு வெளியே போகாதே. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கு உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றினால் போதும், குழாயையே மாற்றச் சொல்வார்கள், கேட்காதே. நான் முப்பது வருஷம் கொதிகலன் பார்த்தவன், அதற்குப் பிறகுதான் இப்போதிருப்பவர் வந்தார், ரப்பர் வளையம் எனக்குத் தெரியும். இந்த வரி கொஞ்சம் கோணலாகிவிட்டது, திருத்தி எழுதினேன், மேலே இருக்கும் பக்கத்தையும் ஒரு முறை படித்துப் பார்த்தேன், நன்றாக வந்திருக்கிறது.

மணி ஐந்தே கால். உன் அம்மா வந்துவிட்டாள். நான் போகவில்லை. குழாயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது மணி நான்கு ஆகியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டுப் பேர்தான் வந்தார்களாம். உரிமையைக் காப்பாற்ற வந்தவர்களில் பாதிப் பேருக்கு இன்று ஆஸ்பத்திரி, விருந்தாளி, தலைவலி. வெண்கலம் வந்தாளாம், எண்ணி முடித்ததும் கூடையை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாளாம். பதினான்கு கை கீழே இறக்க, பதினான்கு கை அப்படியே இருக்க. சமமாக வந்தால் இருப்பது இருந்தபடியே இருக்கும் என்பது விதி, பலகையில் எழுதியிருக்கிறது, நானே படித்திருக்கிறேன். ஒரு கை குறைந்துபோனது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, நான் எழுதுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "எழுதி முடிச்சாச்சா" என்று மட்டும் கேட்டாள்.

இனி ஆறு மாதத்துக்குப் பிறகுதான் இதை மறுபடி எடுக்கலாம். நாளை முதல் கூடைகளில் பாதியை நான் ஏற்றிக் கொடுப்பதாகச் சொன்னேன், முழங்கால் என்னாகும் என்றாள். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அடுத்த தேர்தல் எப்போது என்று எழுது, தேதியைக் குறித்து வைத்து ஒரு வாரம் முன்னால் ஞாபகப்படுத்திக் கடிதம் போடுகிறேன், இப்போதே எழுத ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும். கீழே வருவது உன் அம்மா சொன்னது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை: "உங்கப்பா எழுதுறாரு, நான் படி ஏறுறேன். உடம்பைப் பாத்துக்க கண்ணு."

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா
(பக்கத்தில் இருக்கும் பெயர் உன் அம்மா தானே எழுதியது, சுழி மட்டும் பெரிதாகிவிட்டது)