பழைய இருப்பு தீரும் வரை

ஜூன் 9, திங்கள்

ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறும்போதே தலைவலி. ஆபீசில் கழிப்பறை கழுவும் கன்னியம்மா ஆசிட் வாங்க ஸ்டோருக்கு வந்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது. "சோத்துல கைய வெச்சா எரியுது மேடம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத பொருள்களையே வாங்க வேண்டும் என்ற சுற்றறிக்கை என் மேஜையில் இரண்டு மாதமாகத் தூங்குகிறது. கொள்முதல் எழுத்தர் யார்? நான்தான். யாரைத் திட்ட?

ஜூன் 11

ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டுக்கும் பதிலாக, கையைச் சுடாத திரவம் வாங்கக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன்.

ஜூன் 17

கோப்பு திரும்பிவிட்டது. ஓரத்தில் கண்காணிப்பாளர் சம்பத் சாரின் ஒரே வரி: 'பழைய இருப்பு தீர்ந்த பின் பரிசீலிக்கலாம்.'

பழைய இருப்பு - ஆசிட் அறுபது லிட்டர், பவுடர் ஆறு மூட்டை. எந்தப் புண்ணியவான் வாங்கிக் குவித்தானோ. நேரிலேயே போய்க் கேட்டேன். "ஆடிட்ல நீங்க பதில் சொல்வீங்களா ரோஹிணி? செலவாகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

ஜூன் 18

வாரம் இரண்டு லிட்டர்தான் செலவாகிறது. இப்படிப் போனால் பொங்கலுக்குத்தான் தீரும். அதுவரை அவள் கை என்ன ஆவது?

கன்னியம்மாவைக் கூப்பிட்டு, இனி தினமும் இரண்டு லிட்டர் எடுத்துக்கொள், பவுடரையும் தாராளமாகப் போடு, இரண்டும் சீக்கிரம் தீர்ந்தால்தான் கையைச் சுடாத புதுத் திரவம் வரும் என்றேன். ரப்பர் கையுறையும் கொடுத்தேன். "அவ்ளோதானே மேடம், தீத்துட்றேன். நீங்க இன்னாத்துக்குக் கவலப்பட்றீங்க?"

ஜூலை 2

இருபத்திரண்டு லிட்டர் போய்விட்டது. பதிவேட்டைப் பார்க்க அற்ப சந்தோஷம். கன்னியம்மா இருமுகிறாள். கேட்டால் தூசி என்கிறாள்.

ஜூலை 8

என்ன காரியம் பண்ணிட்டேன் நான்.

பின்பக்கக் கழிப்பறையில் ஆசிட்டையும் பவுடரையும் ஒன்றாகக் கொட்டியிருக்கிறாள். ஒரே புகை. வாட்ச்மேன் ஆரோன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போய்த் தூக்கி வந்தார். குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். "ரெண்டையும் சேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையாம்மா?" - டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

சொல்லல. ரெண்டும் தீரணும்னுதான் சொன்னேன். எனக்கே தெரியாதே. தெரிஞ்சுக்காம எதுக்குடி வாயைத் திறந்தே?

ஜூலை 9

சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 21

உயிர் பிழைத்துவிட்டாள். நுரையீரல் பழையபடி ஆகாதாம். அவளை வேலைக்கு அனுப்பிய ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். நான் சொல்லித்தான் அப்படிச் செய்தாள் என்று எழுதிக்கொண்டு சம்பத் சாரிடம் போனேன். அவர் தாளை வாங்கவே இல்லை. "பேப்பர்ல ஏறினா எல்லாருக்கும் பேஜார். விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன். என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18

மீதி ஆசிட்டையும் பவுடரையும் வேறொரு அலுவலகத்துக்கு மாற்றியாயிற்று. சம்பத் சாரின் ஒரு கையெழுத்து, ஒரு வேன். அரை மணி நேர வேலை. ஜூனிலேயே இதைச் செய்திருக்கலாம். அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மத்தியானம் புதுத் திரவம் வந்து இறங்கியது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரும்புலியூரில் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிறது. என் மேல் கோபமே இல்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

"அந்த ஆசிட்டு தீந்துச்சா மேடம்?"

"தீந்துடுச்சு கன்னியம்மா."

"புதுசு வந்துச்சா?"

"வந்துடுச்சு. கையில பட்டா எரியாது."

டீ கொண்டு வந்த மகளிடம் திரும்பினாள். "நான் சொல்லல? நான் தீத்ததாலதான் வந்துகீது" என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.