இருபத்தைந்தாம் கதவு

சாயெச்சார்
திங்கள், 6 ஏப்ரல் 2009

யாகோதா,

நலம்தானே? இந்த உறையை உங்கள் ஊர் பஸ் ஓட்டும் சிமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். "ஊரே கம்ப்யூட்டர்ல லெட்டர் போடுது, நீ என்னடான்னா என்னைத் தபால்காரனாக்கிட்ட. பொண்டாட்டிக்கு ஒரு போன் போட முடியாதா?" என்று கேட்டான். அவனுக்கு என்ன தெரியும்? புத்தாண்டன்று போனில் நாம் போட்ட சண்டைக்குப் பிறகு "இனிமே போன் பண்ணாதே" என்றாய். பண்ணமாட்டேன்.

உன் மூன்று மெயிலும் வந்தன. மூன்றுக்கும் பதில் எழுதினேன். மூன்றும் போகாமல் அனுப்பும் பெட்டியிலேயே கிடப்பதை நேற்றுத்தான் பார்த்தேன். போன மாதம் ஊர்க் கேபிள்காரர்களின் இணைப்புக்கு மாறினேன். அன்றிலிருந்து வருகிற மெயில் ஒழுங்காக வருகிறது, போகிற மெயில் நகரமாட்டேன் என்கிறது. அந்த முகவரியை எனக்கு அமைத்துக் கொடுத்தவள் நீ, உன் ஆபீஸ் சர்வரில் இருக்கிறது, அதனால் உன்னைக் கேட்கிறேன்.

விஷயம் அவசரம். நார்வேயில் ஒரு கப்பல் கட்டும் தளத்துக்கு வெல்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இரண்டு வருட ஒப்பந்தம். சம்மதம் என்று வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் எழுத்தில் பதில் போகவேண்டும், அதுவும் நான் விண்ணப்பித்த இதே முகவரியிலிருந்து. இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். இங்கே பட்டறை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது, உனக்குத் தெரியும்.

பதிலை மெயிலில் போடு. வருவதற்குத் தடை இல்லை.

மிலுதின்

◆

நோவி சாத்
திங்கள் மாலை

மிலுதின்,

மூன்று வாரமாக உன் வீம்பு என்று நினைத்து உன்னைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். பாதித் திட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மீதி அப்படியே இருக்கட்டும், இந்தக் கடிதத்துக்கு வேண்டும்.

நார்வேயா? நோவி சாதுக்கு வா என்றால் "ஆறு மணி நேர பஸ், யாரால முடியும்" என்பாய். கடல் தாண்டி நார்வே மட்டும் பக்கத்துத் தெருவா? நான் இங்கே வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. உனக்கு என் ஊர்தான் தூரம்.

சரி, வேலையைப் பார்ப்போம். உன் மெயில் நிரல் போகிற கடிதங்களை 25 என்ற போர்ட் வழியாக அனுப்புகிறது. போர்ட் என்றால் சர்வருக்கு உள்ள கதவு எண் என்று வைத்துக்கொள். வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் லட்சக்கணக்கில் குப்பை மெயில் கொட்டுகின்றன. அதனால் பல கேபிள்காரர்கள் வீடுகளிலிருந்து அந்த எண்ணுக்குப் போகிற பாதையையே அடைத்துவிடுகிறார்கள். வருகிற மெயிலுக்குக் கதவு வேறு, அதனால் அது வருகிறது.

முதலில் இது உறுதியாகட்டும். கட்டளை அடிக்கிற கருப்புத் திரையைத் திறந்து டெல்நெட் என்று அடித்து, சர்வர் பெயரைப் போட்டு, பக்கத்தில் 25 என்று போடு. ஒன்றும் வராமல் திரை முழித்துக்கொண்டு நின்றால் அடைத்திருக்கிறார்கள். அதையே 587 போட்டுப் பார். அது பெயரும் கடவுச்சொல்லும் சொல்லிவிட்டு நுழைகிற கதவு, அதை யாரும் அடைப்பதில்லை. 220 என்று ஆரம்பித்து ஒரு வரி வந்தால் திறந்திருக்கிறது. பிறகு உன் நிரலில் 'போகும் சர்வர்' என்ற பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு. பெயர் பழைய பெயர்தான், யேயாவில் (jeja) தொடங்குவது. எண் 587. 'கடவுச்சொல் வேண்டும்' என்பதில் கட்டாயம் குறி போடு.

வலைப்பக்கம் வழியாக அனுப்பலாமே என்று கேட்காதே. ஜனவரியில் திருடர்கள் புகுந்தபின் அதை மூடிவிட்டோம். இன்னொரு வழி இருக்கிறது. உன் பதிலை பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் உன் முகவரியிலிருந்து நானே அனுப்ப முடியும். செய்யமாட்டேன். உன்னை என் கையால் நார்வேக்கு அனுப்ப என்னால் ஆகாது. வழி சொல்லித் தருகிறேன், நீயே அனுப்பிக்கொள்.

யாகோதா

◆

சாயெச்சார்
செவ்வாய், 7 ஏப்ரல்

யாகோதா,

சொன்னதெல்லாம் செய்தேன். 25 போட்டால் திரை முழித்தது. 587 போட்டதும் 220 என்று ஒரு வரி வந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. நிரலில் பழையதை அழித்துப் புதிதாகப் போட்டு, நார்வேக்குச் சம்மதம் எழுதி அனுப்பு என்று அழுத்தினேன். "அப்படி ஒரு சர்வர் கிடைக்கவில்லை" என்கிறது. பத்து முறை அழுத்தினேன், பத்து முறையும் அதே பாட்டு.

கேபிள் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். ஒரு பெண் எடுத்தாள்.

"மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீங்களா சார்?"

"அம்மா, நீங்க இருபத்தஞ்சாம் போர்ட்டை அடைச்சிருக்கீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"நாங்க எதையும் அடைக்கல சார். பாதுகாப்புக்காகக் கொஞ்சம் மூடி வச்சிருக்கோம்."

"எனக்கு மட்டும் திறந்து விடுங்களேன்."

"அதுக்கு நீங்க கம்பெனியா இருக்கணும் சார். நீங்க வீடு."

வீடாம் நான். போனை வைத்துவிட்டு உன் மெயிலை மறுபடி படித்தேன். உன் ஊர்தான் தூரம் என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தில் நார்வேக்கு இன்னொரு கடிதம் எழுதினேன்: மன்னிக்கவும், என்னால் வர இயலாது என்று. அதையும் அனுப்பு என்று அழுத்தினேன். அதுவும் சம்மதக் கடிதத்துக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. உனக்கு இப்போது திருப்தியா?

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள். நீ ஒரு பஸ் ஏறி வந்து இதைப் பார்த்துவிட்டுப் போகலாம். கடிதங்கள் ஏறி வருகிற பஸ்தானே அது.

மிலுதின்

◆

நோவி சாத்
புதன், 8 ஏப்ரல்

மிலுதின்,

எனக்கு என்ன திருப்தி? நார்வேக்குப் போவதும் என்மேல் உள்ள கோபத்தில், போகாமல் இருப்பதும் என்மேல் உள்ள கோபத்தில் என்றால், எனக்கு எதற்கு அது? அந்த இரண்டாவது கடிதத்தை முதலில் அழி. போகிறாயோ இல்லையோ, யோசித்துச் செய்.

பஸ் ஏறி வந்திருப்பேன். இந்த வாரம் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் முறை என்னுடையது, கூட வேலை செய்பவள் பிரசவ விடுப்பில் இருக்கிறாள். இதை நீ நம்பப்போவதில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். யார் வந்து கதவைத் தட்டினாலும் என் சர்வர் பதிவேட்டில் தெரியும். இரண்டு நாளில் உன் வீட்டிலிருந்து வந்தது கருப்புத் திரையில் நீ தட்டிய ஒரே ஒரு தட்டல்தான். உன் மெயில் நிரல் ஒருமுறைகூட 587 பக்கம் வரவில்லை. கையால் தட்டினால் திறக்கிற கதவை நிரல் தேடிக் கண்டுபிடிக்கவே இல்லை. அப்படியானால் நீ அடித்த பெயரில்தான் ஏதோ தப்பு. ஒரு புள்ளி விட்டிருப்பாய், இடம் விட்டிருப்பாய். திரையில் இருப்பதை அப்படியே காகிதத்தில் எழுதி, எப்படி அடித்தாய் என்பதையும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு.

சாப்பிடுகிறாயா? தவக்காலம் என்று சொல்லி வெறும் பீன்ஸிலேயே வாரத்தை ஓட்டாதே.

யாகோதா

◆

சாயெச்சார்
வியாழன், 9 ஏப்ரல்

யாகோதா,

பின்பக்கத்தில் பெயரை எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டு தெசாவையும் கூப்பிட்டு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். "சரியாத்தான்டா இருக்கு, உன் பொண்டாட்டிதான் உன்னை அலைக்கழிக்கிறா" என்றாள். புள்ளியும் விடவில்லை, இடமும் விடவில்லை. எனக்கு எழுத்து தெரியும்.

எப்படி அடித்தேன் என்றா கேட்கிறாய்? விரலால்தான். யேயா என்று அடித்தேன், புள்ளி வைத்தேன், அடுத்த எழுத்தைப் போட்டபோதுதான் விசைப்பலகை சிரிலிக் லிபியில் இருப்பது தெரிந்தது. அந்த ஒரு எழுத்தை அழித்து, லத்தீனுக்கு மாற்றி, மிச்சத்தை அடித்தேன். போதுமா?

கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். போன நவம்பர், டிசம்பரில் உன்னிடம் வந்து இரண்டு மாதம் இருந்தேனே, அது ஏன் பிடிக்கவில்லை என்று நீ கேட்கவே இல்லை. காலையில் நீ கிளம்பிப் போவாய். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். உன் ஆபீஸ்காரர்கள் விருந்துக்கு வந்தபோது ஒருவன் கேட்டான், "சார் என்ன பண்றார்?" நீ எனக்கு முன்னால் பதில் சொன்னாய்: "இப்போதைக்கு ஓய்வுல இருக்கார்." எனக்கு நாற்பத்து நாலு வயது, யாகோதா. என்ன ஓய்வு? அன்றே எனக்கு அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. தூரம் என்று சொன்னது பஸ்ஸைப் பற்றி அல்ல.

நாளை நண்பகலோடு எல்லாம் முடிந்தது. உனக்கு முடிந்தால் பார்.

மிலுதின்

◆

நோவி சாத்
வெள்ளி, 10 ஏப்ரல், காலை

மிலுதின்,

நன்றாகப் படி, நேரம் இல்லை. நீ அடித்த யேயா சிரிலிக் யேயா. j, e, j, a என்ற அந்த நான்கு எழுத்தும் நம் மொழியை எழுதுகிற இரண்டு லிபியிலும், சிரிலிக்கிலும் லத்தீனிலும், கண்ணுக்கு ஒரே மாதிரி, விசையும் அதே விசை. கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு எழுத்துகள். நீ மாற்றியது புள்ளிக்குப் பிறகு வந்ததைத்தான். முன்னால் இருந்த நாலும் சிரிலிக்காகவே நின்றுவிட்டன. கருப்புத் திரையில் முழுக்க லத்தீனில் அடித்தாய், அதனால் அங்கே திறந்தது. தெசா அல்ல, ஊரே கூடி நின்று பார்த்தாலும் தெரியாது. வேறு எந்த நாட்டுக்காரனும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது, நம்மால்தான் முடியும். மொத்தப் பெயரையும் அழி. விசைப்பலகையை முதலில் மாற்று. பிறகு அடி. போய்விடும்.

இது நேற்று மாலை பஸ் நிலையத்தில் உன் கடிதத்தைப் படித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தேன். எழுதவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் நண்பகல் தாண்டிவிடும், நீ போகமாட்டாய், யாரும் என்னைக் குற்றம் சொல்லமுடியாது என்று ஒரு ஆசை. காலையில் முகம் கழுவும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

"ஓய்வுல இருக்கார்" என்றது உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னது. உன்னைக் குத்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துக்கொள்.

போகாதே மிலுதின். இத்தனை நாள் இதை ஒரு முறைகூட நான் வாயால் சொன்னதில்லை, சுற்றி வளைத்துக் குத்தலாகவே சொல்லியிருக்கிறேன். போகாதே. ஆனால் உன் கடிதத்தைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. எந்தக் கடிதம் போகவேண்டும் என்று நீ முடிவு பண்ணிவிட்டு அழுத்து.

யாகோதா

◆

சாயெச்சார்
வெள்ளி, பிற்பகல்

அன்புள்ள யாகோதா,

பார், போகிறது. பஸ் இல்லாமல் வருகிறது.

உன் மெயிலை இரண்டு முறை படித்தேன். பெயரை அழித்து லத்தீனில் அடித்தேன், சரி என்று அழுத்தினேன். உட்கார்ந்து முடிவு பண்ணலாம் என்றுதான் இருந்தேன். இந்த நிரலுக்கு ஏது பொறுமை? வழி கிடைத்ததும் பெட்டியில் இருந்த அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிவிட்டன. உனக்கு எழுதிய மூன்று, பிறகு சம்மதம், பிறகு வரவில்லை என்ற கடிதம். அதை நீ அழி என்று சொல்லியும் நான் அழிக்கவில்லை. ஏன் என்று கேட்காதே.

கால் மணி நேரத்தில் நார்வேயிலிருந்து போன். இங்குன் என்ற பெண், அங்கே புனித வெள்ளி விடுமுறையிலும் இந்தப் பட்டியலை முடிக்க ஆபீசுக்கு வந்திருந்தாளாம், ஜெர்மன் பேசினாள். என் ஜெர்மன் உனக்குத் தெரியுமே.

"ரெண்டு லெட்டர் வந்திருக்கு. ஒண்ணு வர்றேங்குது, ஒண்ணு வரலேங்குது. எதை எடுத்துக்கிறது?"

"ஒரு நிமிஷம் இருங்க" என்றேன்.

"தாராளமா. நண்பகலுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று சிரித்தாள்.

உன் மெயில் திரையில் திறந்தே இருந்தது. போகாதே என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை நீ டிசம்பரில் நான் உன் வீட்டிலிருந்து கிளம்பியபோது சொல்லியிருந்தால், அல்லது வா என்று நான் உன்னைக் கேட்டிருந்தால், அந்த நார்வேக்கு எழுதியே இருக்கமாட்டேன். இன்று உனக்காக வேண்டாம் என்றால் ஜூன் மாதத்துக்குள் அதே ஜன்னலோரம் உட்கார்ந்து உன்னை வெறுக்க ஆரம்பித்துவிடுவேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"முதல் லெட்டர்" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், இது கோபத்தில் இல்லை. உன் கடிதம் வந்தபிறகு என்னிடம் கோபமே மிச்சமில்லை. வேலை செய்யவேண்டும், அவ்வளவுதான். மே முதல் வாரம் கிளம்பச் சொல்கிறார்கள். என்மேல் வருத்தப்படாதே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன் மிலுதின்

◆

நோவி சாத்
நம் நாள்காட்டியில் குருத்து ஞாயிறு, 12 ஏப்ரல்

அன்புள்ள மிலுதின்,

வெள்ளிக்கிழமையே பதில் போட்டிருப்பேன். அழுது முடிக்க இரண்டு நாள் ஆனது. வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ போனில் சொன்னது சரியான பதில். உன் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், எனக்கும் கையில் வேலை இல்லாமல் இருக்க முடியாது.

பெட்டியிலிருந்து உன் மூன்று பழைய பதில்களும் வந்து சேர்ந்தன. ஆவலாகத் திறந்தேன். ஒன்றில் கூரை ஓடு, ஒன்றில் விறகு விலை, ஒன்றில் தெசாவின் பூனை. மூன்று வாரம் நான் தூக்கம் கெட்டது இந்தப் பூனைக்கா? படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு மறுபடியும் படித்தேன்.

கிளம்பும் முன் தெரிந்துகொள். அங்கேயும் 25-ஐ அடைத்துத்தான் வைத்திருப்பார்கள், தங்கும் விடுதியாக இருந்தாலும் சரி, கப்பல் தளமாக இருந்தாலும் சரி. அதனால் உனக்கு ஒன்றும் இல்லை. உன் நிரல் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும், எதையும் தொடாதே. 587 எந்த ஊரிலும் திறந்திருக்கும், உலகத்தின் எந்த மூலையிலிருந்து தட்டினாலும் நேராக என்னிடம்தான் வரும். பூனையைப் பற்றி எழுதினாலும் போதும்.

இனிமேல் உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை என்றால், அது போர்ட்டால் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உன் யாகோதா