ஆளுக்கு ரெண்டு மீன்

2025 மே 3, சனி

பெனடிக்ற் இண்டைக்கும் மீனுக்குப் போட்டு வந்தான். ரெண்டு மீன். துண்டு போட்டு, கழுவி, பையில கட்டிக் குசினி மேசையில வைச்சிட்டுக் குளிக்கப் போட்டான்.

தேம்ஸ் ஆத்தில, எரித் எண்ட இடத்தில, கடல்தண்ணி ஏறி இறங்கிற பக்கம் பிடிச்சதாம். பேர் பாஸாம். எங்கட கொடுவாவுக்கு ஒண்டுவிட்ட சகோதரம் மாதிரிக் கிடக்கு. ருசி பரவாயில்லை.

ஆனால் என்ர மகனுக்கு எப்ப துடக்கம் மீன் வெட்டத் தெரியும்? நாற்பத்திமூண்டு வயசு. மீன்பிடிக்கிற ஊர், பேசாலையில பிறந்தவன் எண்டு பேர்தான். நெத்தலிக்குத் தலை கிள்ளித் தா எண்டாலே மூஞ்சையைச் சுளிக்கிறவன். இதில துண்டெல்லாம் ஒரே அளவு. கை பழகின ஆள் வெட்டினது.

கடையில வாங்கிக்கொண்டு வந்து ஆத்தில பிடிச்சது எண்டு கதை விடுறான். அப்ப விடியப் போய்ப் பின்னேரம் மட்டும் எங்க நிக்கிறான்?

மே 10

இண்டைக்கும் துண்டு.

மே 18, ஞாயிறு

பூசை முடிய மரியமலர் பக்கத்தில வந்து இருந்தாள். எங்கட ஊர்தான், இப்ப ஃபாரஸ்ட் கேட்டில இருக்கிறாள். ‘என்னடி, உன்ர மகன் ஆத்தில மீனைப் பிடிக்கிறானோ, ஆளைப் பிடிக்கிறானோ?’ எண்டு கேட்டுச் சிரிச்சாள்.

நானும் சிரிச்சன். பெனடிக்ற்றின்ர கலியாணத்தில புரியாணிக்கு உப்புக் காணாது எண்டு மேசை மேசையாப் போய்ச் சொன்னவள் இவள். மறக்கேல்லை.

ஆனால் அவள் சொன்னது நெஞ்சுக்குள்ள ஏறி இருந்திட்டுது.

மே 24

மருமகள் துசியந்தி ஆஸ்பத்திரிக் குசினியில ஷிப்ட் முடிச்சு வந்து சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு சொல்லுறாள், ‘மாமி, இப்பிடி மூலையில இருந்து யோசிக்கிறதுக்கு, அவர் வெளிக்கிடேக்கை எங்க போறீர் எண்டு ஒரு வார்த்தை கேளுங்கோவன்.’

அவள் கொழும்பில வளர்ந்தவள், அவளுக்கென்ன. மீனுக்குப் போற ஆம்பிளையை வாசலில வைச்சு எங்க போறாய் எண்டு கேக்கப்படாது. கேட்டால் வெறுங்கையோட வருவான், இல்லாட்டி வரமாட்டான். என்ர அம்மா கேட்டதில்லை. நான் என்ர மனுசனிட்டக் கேட்டதில்லை. அவர் இல்லாமப் போயும் ஒன்பது வருசம்.

பெனடிக்ற்றுக்கும் இது தெரியும். அதுதானே அவனுக்கு வசதி! தூண்டிலைக் கையில எடுத்தால் இந்த வீட்டில ஒருத்தரும் கேள்வி கேக்க ஏலாது.

ஜூன் 7

அவன்ர ஜக்கெட்டை மணந்து பாத்தன். புழு மணம், சேத்து மணம். பொம்பிளை மணம் இல்லை. அப்ப ஆத்துக்குப் போறது உண்மை.

உண்மையெண்டால் ஏன் என்ர முகத்தைப் பாக்கிறான் இல்லை?

ஜூன் 21

நாலு மீனின்ர துண்டு.

ஒரு ஆள் ஒரு நாளைக்கு ரெண்டுதான் கொண்டுபோகலாம், அளவு குறைஞ்சதைத் திரும்ப ஆத்தில விடவேணும், இது கவுண்மேந்துச் சட்டம் எண்டு எனக்குப் படிப்பிச்சவனே அவன்தான். நான் அஞ்சாம் வகுப்பு. ஆனாலும் ரெண்டும் ரெண்டும் எவ்வளவெண்டு தெரியும். நாலு மீனெண்டால் ரெண்டு ஆள்.

‘பக்கத்தில நிண்டவர் தந்தவர் அம்மா. அவருக்கு வேண்டாமாம்.’

‘ஆர் அந்தப் பக்கத்தில நிண்டவர்?’

‘ஒரு ஆள்.’

‘வெள்ளையனோ?’

‘இல்லை.’

‘தமிழனோ?’

‘அம்மா, சோறு ஆறுது.’

ஜூலை 5

கண்டுபிடிச்சிட்டன். மாதாவே, கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

இண்டைக்கு மழை. அவன் அவசரப்பட்டு மீனை முழுசாக் கொண்டுவந்து கழுவுதொட்டியில போட்டிட்டு மேல ஓடிட்டான். நான் கத்தியை எடுத்துக்கொண்டு போனன். வயிறு கீறேல்லை. ஆனால் உள்ளுக்கு வெறுமை. செவுளைத் தூக்கிப் பாத்தன். உள்ள இருக்கிற சிவப்புப் பூவும் இல்லை. செவுளுக்குள்ளால ரெண்டு விரலை விட்டு, ஒரு திருகுத் திருகி, பூவையும் குடலையும் ஒண்டா இழுத்து எடுத்திருக்கு. கீழ வால்பக்கம் நகமளவு ஒரு கீறல்.

இப்பிடித் துப்பரவாக்கின ஆள் பேசாலையிலயே என்ர அப்பா ஒருத்தர்தான். ‘மீனுக்கு நோகப்படாது எண்டு பாக்கிறீரோ’ எண்டு சனம் பகிடி பண்ணும். அப்பா அதை ஒரே ஒரு ஆளுக்குத்தான் பழக்கினவர்.

யாக்கோப்பு.

என்ர தம்பி. தம்பி எண்டு எழுதவே கை கூசுது. பிரான்சில இருக்கிறான் எண்டுதான் கேள்வி. இங்க எப்ப வந்தவன்?

தொண்ணூறாம் ஆண்டு. சனமெல்லாம் படகில இந்தியாவுக்கு ஓடின நேரம். அவன்ர படகு. முதல் நடைக்கு என்ர மனுசனையும் நடக்க ஏலாத மாமியையும் ஏத்தினான். இடம் காணாது, அடுத்த நடைக்கு நானும் பிள்ளையும் எண்டு கதை. நான் பெனடிக்ற்றின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கரையில நிண்டன். எட்டு வயசுப் பிள்ளை. நிண்டன், நிண்டன். அந்த அடுத்த நடை வரவே இல்லை. பிறகு மடுக் கோயிலுக்கு நடந்துபோய் அங்க அகதி முகாமில கிடந்தம். என்ர மனுசனின்ர முகத்தைத் திரும்பக் காண நாலு வருசம் போச்சு.

எஞ்சின் பழுதாப் போச்சாம். சாகுமட்டும் அவரும் ‘எஞ்சின் பழுதாம், விடப்பா’ எண்டுதான் சொன்னவர். அவர் மண்டபம் முகாமுக்குள்ள இருந்தவர், அவருக்கென்ன தெரியும்? அதே எஞ்சினோட அடுத்த கிழமையே யாக்கோப்பு ராமேஸ்வரத்தில மீனுக்குப் போனவன். கண்ட சனம் இருக்கு. மரியமலரின்ர புருசன் கண்டவர்.

அவன்ர கையால பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டன் எண்டு சொன்னனான். அவனோட கதைக்கிற ஆரும் எனக்கு ஒண்டுமில்லை எண்டும் சொன்னனான். எல்லாருக்கும் தெரியும். பெனடிக்ற்றுக்குத் தெரியாதோ?

இந்தக் கோடை முழுக்க அவன்ர மீனைத்தானே திண்டிருக்கிறன்! முள்ளைக்கூட விடாமல் சூப்பினனான்.

ஜூலை 6, ஞாயிறு

பூசைக்குப் போகேல்லை. இந்த மனசோட எப்பிடிப் பாதரிட்ட அப்பம் வாங்கி நன்மை எடுக்கிறது.

ஜூலை 12

போனன். ஒருத்தருக்கும் சொல்லாமல், வெஸ்ற் ஹாமில டி.எல்.ஆர் ரெயின் ஏறி வூலிச்சுக்கு, அங்கயிருந்து வேற ரெயின். எரித்தில இறங்கி ஒரு பொம்பிளையிட்ட ‘ரிவர், ரிவர்’ எண்டன். கையைக் காட்டினாள்.

ஆத்துக்குள்ள நீளமா ஒரு இறங்குதுறைப் பாலம் போகுது, பியர் எண்டு சொல்லுறவை. வத்துத்தண்ணி, கரையெல்லாம் கருஞ்சேறு. ஆக்கள் ஆங்காங்க தூண்டிலோட. நான் ஒரு குடும்பத்துக்குப் பின்னால மறைஞ்சு நிண்டன்.

கிட்டத்தான் ரெண்டு மடக்குக் கதிரை. பெனடிக்ற் சிரிச்சுக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து, தலையைப் பின்னால போட்டு. என்ர வீட்டுக்குள்ள அவன் அப்பிடிச் சிரிச்சு நான் கண்டு கனகாலம். மற்றவன் முதுகு காட்டி நிண்டான். மொட்டை விழுந்திட்டுது. ஒத்தைக் காலில பாரம் குடுத்து நிக்கிறது அப்படியே அப்பா.

ஒரு மீன் கொத்தினது. ரெண்டு பேருமாத் தூக்கினவை, அளந்தவை. அளவு காணாது போல. அவன் குனிஞ்சு வலையில வைச்சு இறக்கி விட்டான். ‘போ ராசா, வளர்ந்து திரும்பி வா’ எண்டு சொன்னது காத்தில கேட்டுது.

மீனிட்ட மட்டும் திரும்பி வரச் சொல்லத் தெரியுது.

ஒண்டும் கதைக்காமல் வந்திட்டன்.

ஜூலை 13, ஞாயிறு

காலமை பாக்கில உடுப்பு அடுக்கி வாசலில வைச்சன். மரியமலர் வீட்ட போறன் எண்டன். பெனடிக்ற் பாக்கைப் பாத்தான், என்னைப் பாத்தான், விளங்கிட்டுது.

‘எப்ப துடக்கம்?’

‘சித்திரையில இருந்து. எனக்கு ஆளை மட்டுக்கட்டத் தெரியேல்லை அம்மா. அவர்தான் வந்து, நீ அக்கான்ர மகனோ எண்டு கேட்டவர். அப்பான்ர முகமாம் எனக்கு. மகளோட டார்ட்ஃபோர்ட்டில இருக்கிறார்.’

‘கேட்ட உடனே மாமா எண்டு ஒட்டிக்கொண்டியோ? என்னைக் கரையில விட்டிட்டுப் போனவன் எண்டு தெரியாதோ உனக்கு?’

அவன் குரலை உயர்த்தேல்லை. ‘அம்மா, நானும் அங்கதான் நிண்டனான். என்னையும்தான் விட்டிட்டுப் போனவர்.’

அவனுக்கு அது ஞாபகம் இருக்கும் எண்டே நான் நினைக்கேல்லை. ஒரு நாளும் கதைச்சதில்லையே. அப்ப அவனுக்கும் ஒரு கணக்கு இருக்கு. அதை என்னைக் கேளாமல் தீர்க்கப் பாக்கிறான். பாக்கலாமோ? என்ர பிள்ளை எண்டால் என்ர பக்கமெல்லோ நிக்கவேணும்?

மரியமலர் வீட்ட போகேல்லை. அவளுக்குக் கொண்டாட்டமாப் போயிடும். பாக்கை அவிழ்க்கவும் இல்லை. கட்டிலுக்குக் கீழ கிடக்கு.

ஜூலை 26

பெனடிக்ற் மீனுக்குப் போகேல்லை. ரீவிக்கு முன்னால இருக்கிறான். எனக்குக் காட்டவாம்.

ஆகஸ்ட் 9

இண்டைக்கும் போகேல்லை. கறிக்கு உப்புக் கூட. அதையும் சொல்லாமல் திண்டிட்டு எழும்பிப் போறான். இப்பிடியே போனால் ஒரு நாள் வீட்டை விட்டும் எழும்பிப் போவான். இல்லாட்டி நான் போகவேணும்.

துசியந்தி கோப்பை கழுவிக்கொண்டு சொன்னாள், ‘அந்த மனுசனுக்கு இருக்கிறது அந்த ஒரு சனிக்கிழமை, மாமி.’

‘எந்த மனுசனுக்கு?’

‘ரெண்டு மனுசருக்கும்தான்.’

இவளும் அவைக்குக் கூட்டு.

ஆகஸ்ட் 15

மடு மாதா திருநாள். பூசையில இருந்து யோசிச்சன். மகனை விடவும் ஏலாது, சொன்ன சொல்லை விடவும் ஏலாது.

வீட்ட வந்து பெனடிக்ற்றைக் கூப்பிட்டன். ‘நாளைக்குப் போ. போய் அவனிட்ட ஒண்டே ஒண்டு கேள். எஞ்சின் பழுதாப் போனதோ எண்டு கேள். மன்னிப்பு, மண்ணாங்கட்டி ஒண்டும் எனக்கு வேண்டாம்.’

ஆகஸ்ட் 16

‘கேட்டனியோ?’

‘கேட்டனான்.’

‘என்னவாம்?’

‘ஒண்டும் சொல்லேல்லை. தூண்டிலைச் சுத்தி எடுத்துக்கொண்டு போட்டார்.’

ஓடிட்டான்! திரும்பவும் ஓடிட்டான். நான் நினைச்சதுதான்.

செப்டம்பர் 13

அவன் பியருக்கு வாறேல்லையாம், போனும் எடுக்கிறேல்லையாம். பெனடிக்ற் தனிய நிண்டு ரெண்டு மீன் கொண்டுவந்தான். வயித்தைக் கண்டபடி கிழிச்சுப் பித்தையும் உடைச்சுப் போட்டான். முழுக் கறியும் கைச்சுப் போச்சு. இது அவனே வெட்டினதுதான், இதில சந்தேகமே இல்லை.

நாங்கள் மூண்டு பேரும் ஒருத்தரும் கைக்குது எண்டு சொல்லாமல் சாப்பிட்டம்.

ஒக்டோபர் 11

துசியந்திக்கு இண்டைக்கு ஷிப்ட் இல்லை. பெனடிக்ற் விடியவே போட்டான். பத்து மணிபோல அவளுக்குப் போன் வந்தது. ‘மாமி, அவர் வந்து நிக்கிறாராம். உங்களிட்டத்தான் சொல்லுவாராம். வெளிக்கிடுங்கோ.’

எல்லாரும் சேர்ந்து ஏதோ நாடகம் போடினம் எண்டு நினைச்சன். எண்டாலும் வெளிக்கிட்டன். காரை விட்டு இறங்கமாட்டன் எண்டு முதலே சொல்லிப் போட்டன்.

ஆத்தங்கரையில காரை நிப்பாட்டினாள். அவன் நடந்து வந்தான். கிழண்டிட்டான். என்னைவிட ஆறு வயசு இளமை, பாத்தால் ஆரும் சொல்லமாட்டினம். நான் கண்ணாடியை நாலு விரலுக்கு இறக்கினன்.

‘அக்கா.’

கண்ணாடிப் பொத்தானில விரலை வைச்சுக்கொண்டிருந்தன்.

‘எஞ்சினுக்கு ஒண்டும் நடக்கேல்லை அக்கா. ஓடினது. முதல் நடையில நடுக்கடலில நேவியின்ர துவக்குச்சூடு விழுந்தது. ஒரு மாதிரித் தப்பிப் போனம். அடுத்த நாள் உங்களை ஏத்த வெளிக்கிட்டனான். படகில ஏறி எஞ்சினையும் இழுத்தனான். அது ஓடுது, நான் கரையை விட்டு எடுக்கேல்லை. மற்ற நாளும் அப்பிடித்தான். பயந்திட்டன்.’

‘அப்ப ஏன் பொய் சொன்னனி?’

‘அத்தான் முன்னால நிண்டு, எங்க என்ர மனுசி, எங்க என்ர பிள்ளை எண்டு கேட்டார். பயந்தனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?’

காத்து. தண்ணி ஏறிக்கொண்டிருந்தது. பெனடிக்ற் தள்ளி நிண்டு ஆத்தைப் பாத்தான்.

‘அது நல்ல எஞ்சின்’ எண்டன். ‘எனக்கு அண்டைக்கே தெரியும்.’

‘ஓம் அக்கா. நல்ல எஞ்சின்.’

கண்ணாடியை ஏத்திப் போட்டன்.

வீடு வருமட்டும் துசியந்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தன். கேட்டியோ? முப்பத்தஞ்சு வருசமா நான் சொன்னது சரியோ, பிழையோ? ‘சரி மாமி, சரி மாமி’ எண்டாள். சரிதான். ஆனால் வீட்ட வந்து கதவில பிழையான சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நிண்டன். அவள்தான் திறந்தவள்.

மன்னிப்பு அவன் கேக்கேல்லை. கேட்டிருந்தால் பாதியிலயே கண்ணாடியை ஏத்தியிருப்பன்.

ஒக்டோபர் 18

நாலு மீன், வயிறு கீறாமல். நான் மீன் தொடேல்லை. குழம்பு மட்டும் விட்டுச் சாப்பிட்டன்.

ஒக்டோபர் 25

தலைத்துண்டு வீணாப் போகுது எண்டு எடுத்தன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அவரை அடக்கின சேமக்காலைக்குப் போனம். ‘மாமாவும் வரட்டோ எண்டு கேக்கிறார்’ எண்டு பெனடிக்ற் ரெண்டு நாளைக்கு முன்னமே மெல்லக் கேட்டவன். ‘சேமக்காலை என்ன எனக்கு எழுதின காணியோ? வாறவை வரட்டும்’ எண்டன்.

வெள்ளைப் பூவோட வந்தான். கல்லில இருக்கிற பேரை விரலால தடவி வாசிச்சான். மழை தூறத் துடங்கினது. பெனடிக்ற் மெழுகுதிரியைக் கொளுத்திப் போட்டு, பாதரோட கதைக்க அங்கால போட்டான்.

நான் யாக்கோப்புக்குச் சொன்னன், ‘இதில நில். மெழுகுதிரி நூராமல் பார். பூவுக்குத் தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்.’

தண்ணிக் குழாய் கிட்டத்தான். நான் அங்க போகேல்லை. காருக்குப் போய்த் துசியந்தியோட இருந்து பிளாஸ்கில இருந்த தேத்தண்ணியை ஆறுதலாக் குடிச்சன்.

‘மாமி, அந்தாள் மழைக்குள்ள நிக்குது.’

‘நிக்குதோ? வடிவாப் பார்.’

‘நிக்குது மாமி.’

இன்னொரு கோப்பை வாக்கச் சொன்னன். அதையும் குடிச்சு முடிச்சிட்டுத்தான் தண்ணி எடுத்துக்கொண்டு போனன். கோட்டைக் கழட்டிக் காத்துக்கு மறைப்புப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். தலையால தண்ணி ஓடுது. மெழுகுதிரி எரிஞ்சுகொண்டிருந்தது. ஏன் இவ்வளவு நேரம் எண்டு அவன் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை.

வீட்ட சாப்பிட வாங்கோ எண்டு துசியந்திதான் கூப்பிட்டவள். நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை.

காரில முன்னுக்கு ஏற வந்தான். பின்னால போய் இருக்கச் சொன்னன். முன் சீற் நான் இருக்கிறது.