சாப்பாட்டு நேரத்து பேக்கப்

வெள்ளி இரவு, நோன்பு மாதம்.

தோல் கிடங்கின் கணக்கு ஓடும் விர்ச்சுவல் மெஷின், சர்வருக்குள் இருக்கும் மென்பொருள் கம்ப்யூட்டர், காலையில் படுத்துவிட்டது. பேக்கப்பைத் தேடினால், நோன்பு தொடங்கியதிலிருந்து அன்றன்றைக்கு எடுத்துவைக்கும் நகலான ஸ்னாப்ஷாட் ஒன்றுகூட இல்லை. சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் என்னிடம் மேனேஜர் கத்தியதும், "கிடங்கு ரஃபீக் பாய்தான் எதையோ அழிச்சிருப்பாரு சார்" என்று சொல்லிவிட்டேன். பாய் எதிரிலேயே நின்றிருந்தார்.

"நான் இன்னா சார் பண்ணேன்? கணக்கு ஏத்துறதோட சரி."

மதியம்தான் காரணம் தெரிந்தது. எல்லோரும் சாப்பிடப் போனால் சிஸ்டம் சும்மா இருக்குமென்று, பேக்கப்பை அந்த நேரத்தில் வைத்தவன் நான். நோன்பில் கிடங்கு ஆட்கள் சாப்பாட்டு நேரத்திலும் வேலை செய்துவிட்டுச் சீக்கிரம் கிளம்புவார்கள். கணக்கு ஓடிக்கொண்டே இருந்ததால் ஸ்னாப்ஷாட் தினமும் நின்றுபோயிருக்கிறது. ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை! எச்சரிக்கை மெயில்களைத் தொல்லையென்று நிறுத்திவைத்ததும் நானேதான்.

மேனேஜர் அறை வாசல்வரை போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அதையே சாக்காக வைத்துத் திரும்பிவிட்டேன்.

நோன்பு திறக்கக் கிளம்பிய பாய் என் மேசைக்கு வந்தார். "நான்தான் எதையாச்சும் தெரியாம அழுத்திட்டேன் போல சார். மன்னிச்சிடுங்க. நாளைக்கு உக்காந்து எல்லாத்தையும் மறுபடி ஏத்திடுறேன்."

"சரி பாய்" என்றேன்.